ஒப்பித்தது போதும்

ஜூலை 8
இன்று வாயாடியை வாசிக்கச் சொன்னேன். பேச்சு ஓயாத பெண், என் நாலாம் வகுப்பே வைத்த பெயர். பாடத்தைக் கடகடவென்று சொன்னாள், ஒரு பிசிறு இல்லை. அருகில் போய்ப் பார்த்தால் திறந்திருந்தது வேறு பக்கம்!

ஜூலை 9
தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். "'பல்'னு சொன்னா முதல்ல என்ன சத்தம் வருது?"

"நறநறன்னு வரும் டீச்சர்."

சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. சொல்லுக்குள் சத்தங்கள் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அது தெரியாதவளுக்கு எழுத்து வெறும் கோடு. அப்புறம் எதைக் கூட்டி வாசிப்பாள்? ஒவ்வொரு சொல்லிலும் முட்டி நிற்கிறவளிடம் போய்க் கதையின் கருத்து கேட்கிறோம் — மனசாட்சி வேண்டாமா? மூணு வருஷமா என்னதான் கிழிச்சாங்க?

இரண்டாம் வகுப்பில் இவளுக்கு ஆசிரியை யார்? என் சொந்த அக்கா.

ஜூலை 10
வீட்டுச் சமையலறையில் அக்காவோடு சண்டை.

"நாற்பது பிள்ளைங்க. ஒவ்வொண்ணையும் தனியா உட்காரவச்சா பார்க்க முடியும்? நல்லாத்தானே வாசிச்சா?"

"வாசிக்கல அக்கா, ஒப்பிச்சா!"

"நேத்து வேலைக்கு வந்தவ எனக்குப் பாடம் எடுக்கிறியா?" கரண்டியைத் தொட்டியில் வீசிவிட்டுப் போனாள்.

ஆமா, எடுப்பேன். என்ன இப்போ?

ஜூலை 11
பேச்சுவார்த்தை இல்லை.

ஜூலை 22
தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "நாலாம் வகுப்புல கைதட்டி விளையாட்டா? பரீட்சையை யார் எழுதுறது?"

சொல்லிலுள்ள சத்தங்களைப் பிரிக்கத்தான், சத்தத்துக்கு ஒரு தட்டாகக் கைதட்டுகிறோம் என்றேன். அவர் காதில் ஏறவில்லை. சரி, சாப்பாட்டு இடைவேளை என்னுடையதுதானே? அதில் செய்கிறேன்.

ஆகஸ்ட் 19
"படம். 'ப'வை எடுத்துட்டா?"

"டம்!"

"'ம' போட்டா?"

"மடம்!"

பிறகு வாய் திறக்காமல் எழுத்து அட்டையை மாற்றி வைத்தேன். வாயாடி உற்றுப் பார்த்தாள். "த... ட... தடம். அப்படின்னா என்ன டீச்சர்?"

பொருள் கேட்கிறாள்! இத்தனை நாளில் ஒருமுறை கேட்டிருப்பாளா? சந்தோஷப்பட வேண்டியவள் நான், கோபம்தான் பொங்கியது. இவ்வளவுதானா விஷயம்? இதைக்கூடச் சொல்லித் தராமலா அந்தப் பிள்ளையை வகுப்பு வகுப்பா ஏத்தி விட்டீங்க?

நிமிர்ந்தால் ஜன்னலில் அக்கா. எவ்வளவு நேரமாக நின்றாளோ. என் கண் பட்டதும் போய்விட்டாள்.

செப்டம்பர் 30
அக்காவின் இரண்டாம் வகுப்பைத் தாண்டிப் போனேன். புத்தகங்கள் மூடிக் கிடந்தன. "கு-ட-ம்" என்று பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் வாசலை அடைத்து நின்றார். "என்ன டீச்சர், நீங்களுமா?"

"ஆமா சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றாள் அக்கா.

என்னைப் பார்த்ததும் முறைத்தாள். இன்னும் பேசவில்லை. கைதட்டுவதையும் நிறுத்தவில்லை.