தயிரில் ஒட்டிய காலிஃபிளவர்

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி தேவலையா? குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

பயப்படாதீர்கள், சிரிக்கத்தான் எழுதுகிறேன். எங்கள் ஓட்டலில் காலிஃபிளவருக்குப் பிரெட் தூள் போர்த்தி, பொரிக்காமல் ஓவன் அடுப்பில் சுட்டுத் தருகிறோம். முட்டை கூடாது. முதல் தடவை அடுப்பைத் திறந்தால் தூளெல்லாம் தட்டில், காய் மொட்டைத் தலையோடு நிற்கிறது. மறுநாள் கெட்டித் தயிரில் தோய்த்தேன். கவசம் மாதிரி ஒட்டிக்கொண்டது! தலைமைச் சமையல்காரரிடம் பெருமையாக நீட்டினேன்.

"எதுலம்மா முக்கினே?"

"தயிர்தான் சார். சுத்த சைவம்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதைக் கேக்குறவங்க பாலைக்கூடத் தொடமாட்டாங்கம்மா!"

பாலும் தயிரும் சைவம்தானே என்று வளர்ந்தவளுக்கு அது எங்கே தெரியும்? மேசைக்குப் போயிருந்தால் என் வேலைக்கு வேட்டுதான்.

அப்புறம்தான் உறைத்தது. கழுவிய காயின் ஈரம்தான் முதலில் காலை வாரியிருக்கிறது. நன்றாகத் துடைத்து, உலர்ந்த மைதா மாவில் புரட்டி, கெட்டியாகக் கரைத்த கடலை மாவில் தோய்த்து, தூளை அழுத்தி வைத்தேன். இப்போது உதறினாலும் உதிர்வதில்லை.

அந்தத் தயிர்க் காலிஃபிளவரை அறைக்குக் கொண்டுவந்து தனியாகவே தின்றேன். நான் மெல்லும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

ஒன்று செய்யுங்கள். போனில் பேசும்போது கொறிக்காதீர்கள் என்று எரிந்து விழுவேனே, இனி தாராளமாகக் கொறியுங்கள். நானும் இங்கே ஒரு தட்டோடு உட்காருகிறேன்.

பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் வாயாடி