படிவத்தின் கடைசி வரி

அன்பு வாத்துக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நலமா என்று கேட்கக் கை கூசுகிறது. நீ நலம் என்பதைத்தான் போன புதன்கிழமை கண்ணாரப் பார்த்துவிட்டேனே. கொஞ்சம் கறுத்திருக்கிறாய். அம்மாவைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசுகிறாய்.

மீசையை மழித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, நண்பனின் பெயரில் பதிவு செய்துகொண்டு வந்தால் பெற்ற மகளுக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவனின் மூளை அவ்வளவுதான். நீ ஆட்களைக் கூட்டிப்போகும் தீவுச் சுற்றில், ஜெட் ஸ்கீ என்கிற அந்தக் கடல் பைக்கில் இரண்டு மணி நேரம் உன் பின்னால் வந்தால் போதும், பேசக்கூட வேண்டாம் என்றுதான் கிளம்பினேன்.

கரையிலேயே மாட்டிக்கொண்டேன். நீங்கள் தரும் படிவத்தின் கடைசி வரி, விபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டது. யோசிக்காமல் 'மகள்' என்று எழுதி, உன் எண்ணையும் எழுதிவிட்டேன். ஐந்து வருஷமாக மனப்பாடமாக இருக்கிற எண். ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. நீ வாங்கி ரொம்ப நேரம் அதையே பார்த்தாய். "இந்த நம்பர் இப்ப இல்லைங்க சார், வேற யாராவது இருந்தா எழுதுங்க" என்று பேனாவை நீட்டினாய்.

வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு? அந்த வரியைக் காலியாக விட்டேன்.

அப்புறம் எல்லோருக்கும் செய்ததையே எனக்கும் செய்தாய். லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துப் பார்த்தாய். விழுந்தால் வண்டியை நிறுத்தும் கயிற்றை என் மணிக்கட்டில் மாட்டினாய். பிரேக் கிடையாது, பயந்து ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி திரும்பாது என்று இரண்டு முறை சொன்னாய்.

பஸ்காரன் மண்டையில் அது ஏறுமா? தீவின் பின்பக்கம் பாறையைக் கண்டதும் பழக்கதோஷத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டேன். வண்டி நேரே பாறைக்குப் போனது. நீ பறந்து வந்து, "முடுக்கு! முடுக்கித் திருப்பு!" என்று கத்தினாய். அந்த ஒரு தடவைதான் 'சார்' இல்லை. முடுக்கித் திருப்பிப் பிழைத்தபின் இரண்டு பேர் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன. "தேங்க்ஸ்ங்க" என்றேன். பெற்ற மகளிடம் 'ங்க'.

அம்மாவைக் கடைசியாகச் சேர்த்த ஆஸ்பத்திரியிலும் இதே போல ஒரு படிவம் தந்தார்கள். "அவ நம்பரையும் எழுதுங்க" என்று உன் அம்மா மூன்று முறை சொன்னாள். கடல் வேலைக்குப் போனால் இந்த வாசலை மிதிக்காதே என்று உன்னைத் துரத்தியவனுக்கு வீம்பு. என் எண்ணை மட்டும் எழுதினேன். அவள் போய், எல்லாம் முடிந்து நான்காம் நாள் யாரோ மூன்றாம் மனிதர் சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது. கடைசிவரை அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை உன்னிடம் மறைத்தால் அது இன்னொரு பாவம்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. நீ வரவும் வேண்டாம். உன் புது எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிப் போடு. கூப்பிட மாட்டேன், அம்மா மேல் ஆணை. அடுத்த மாதம் எனக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். அங்கேயும் படிவம் தருவார்கள். இன்னொரு முறை அந்த வரியைக் காலியாக விட மனசு வரவில்லைம்மா.

எங்கள் எல்லோருக்கும் கயிறு மாட்டினாய். உன் மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. நீயும் மாட்டிக்கொள். நன்றாக இரு.

இப்படிக்கு,
அப்பா