எதேரி வரைந்த கடிகாரம்

செப்டம்பர் 14
திராட்சை அறுவடை விருந்து. விருந்து மேசையில் கோப்பை தூக்கி வாழ்த்துச் சொல்லும் தலைவன், எங்கள் ஊர்ப் பேச்சில் தமதா, வழக்கம்போல் நானே. நாற்பது பேர். அறுபது என்று எழுதினாலும் பொய்யில்லை. எதேரி பீன்ஸ் சட்டியில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டாள். எல்லார் முகமும் கோணியது. விடுவேனா? கோப்பையைத் தூக்கினேன். "என் பெண்டாட்டி வேணும்னுதான் போட்டா! உப்பு ஏறினாத்தானே ஒயின் இறங்கும்!" கூரை அதிரச் சிரிப்பு. மேசையில் விழுவதைத் தரையில் படுமுன் பிடிப்பவன்தான் தமதா. ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். கல்லூரிக்காரன் எவனுக்கு இது வரும்?

செப்டம்பர் 20
பக்கத்து வீட்டு ஒமாரியை, செத்துப்போன அவன் அப்பன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் எதேரி. "உன் மூஞ்சில உங்கப்பன் தெரியறான்டா, அந்த மரியாதை!" என்றேன். ஒமாரி கண்கலங்கி என்னைக் கட்டிக்கொண்டான்.

அக்டோபர் 5
நர்ஸ் மாக்வலா வந்தாள். ஊர் மன்றத்தில் மறதி நோய் பற்றிக் கூட்டமாம். "நீங்க பேசினாத்தான் சனம் வரும், அவ்தோ மாமா." பின்னே?

அக்டோபர் 9
எழுதக் கை வரவில்லை.

அக்டோபர் 10
எழுதித் தொலைக்கிறேன். நேற்று மன்றக் கூட்டத்தில், நோயை ஆரம்பத்திலேயே சந்தேகப்பட ஒரு வழி என்று மாக்வலா ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். அதில் கடிகார எண்களை எழுதி, மணி பதினொன்று பத்தைக் காட்டும்படி முள் வரைய வேண்டும். நான் மைக்கைப் பிடுங்கினேன். "இதெல்லாம் ஒரு பரீட்சையா? என் எதேரி கண்ணை மூடிக்கிட்டே போடுவா!"

எதேரி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பார்த்தேன். பார்த்தும் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தேன்.

பன்னிரண்டு எண்களும் வலது ஓரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. முள்ளே இல்லை.

என் வாய் சும்மா இருந்ததா? "அறுவடைக் காலம்! கடிகாரமே குடிச்சுட்டு ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு!" மன்றமே சிரித்தது. மாக்வலா சிரிக்கவில்லை. எதேரி பென்சிலை மெல்லக் கீழே வைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: "எல்லாரும் எதுக்கு சிரிச்சாங்க, அவ்தோ?"

அட மானங்கெட்டவனே... என்னடா பண்ணி வெச்சே?

அக்டோபர் 21
தெலாவி நகரத்தில் டாக்டர் எதேரியைப் பரிசோதித்தார். மறதி நோய்தான். "எப்ப ஆரம்பிச்சுது?" என்றார். இந்த நோட்டை நீட்டினேன், பெருமையாகத்தான். புரட்டிப் பார்த்தார்.

"இதுல நீங்கதான் இருக்கீங்க. அவங்க எங்க?"

"வயசானா மறக்கும்ல, டாக்டர்?"

"ஒரு பேரு மறக்கலாம். காலமெல்லாம் செஞ்ச சமையல்ல கை தடுமாறினா வந்து காட்டணும். இப்பவும் செய்ய வேண்டியது இருக்கு. முன்னாடியே வந்திருந்தா, தனக்கு என்ன வேணும்னு அவங்களே யோசிச்சுச் சொல்ல இன்னும் நேரம் கிடைச்சிருக்கும்."

அந்த நேரத்தை நான் சிரிப்புக்கு விற்றிருக்கிறேன்.

அக்டோபர் 22
திருத்தம்.
செப்டம்பர் 14: வந்தவர்கள் பதினெட்டு பேர். உப்பை ஏன் மறுபடி போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சமையலறையில் அழுதாள். பார்த்துவிட்டுக் கோப்பையோடு திரும்பிவிட்டேன்.
செப்டம்பர் 20: ஒமாரி என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. "மாமா, அத்தையை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றான். காதில் விழாததுபோல் நடந்தேன்.

நவம்பர் 23
புனித கியோர்கி திருநாள். ஒமாரி வீட்டு விருந்து, தமதா நான். எதேரி ஒமாரியிடமே கேட்டாள்: "நீ யாரு தம்பி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், சிரிக்கத் தயாராக. கதை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். எழுந்தேன்.

"எதேரிக்கு மறதி நோய். ஒவ்வொருத்தரா அவகிட்ட பேரைச் சொல்லுங்க."

அவ்வளவுதான் பேசினேன். ஒமாரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "நான் ஒமாரி, அத்தை. பக்கத்து வீடு." பிறகு அடுத்தவர். அதற்கடுத்தவர். மொத்தம் பதினோரு பேர். எண்ணித்தான் எழுதுகிறேன்.

கடைசியில் நான் குனிந்தேன். அவள் கையமர்த்தினாள்.

"இவன் சொல்ல வேணாம். இவனைத் தெரியும். ரொம்பப் பேசுவான்."

கோப்பையை எடுக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.