சத்தம் போடாத மெஷின்

மிஸ்,

இன்று காலை ரேடியோ திருத்தும் என் கடைக்குள் ஸ்பிரிட் வாசம். வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் வந்து, சீனி பார்க்கும் புது மெஷின் ஒன்றை மேசையில் வைத்து, பஞ்சால் என் விரலைத் துடைத்தார்கள். சீனி வருத்தமுள்ள கர்ப்பிணிகளுக்கென்றே அவர்கள் செய்யும் மெஷினாம். வவுணதீவில் யாரைக் கேட்டாலும் என் கடையைத்தான் காட்டினார்களாம். காட்டாமல் என்ன செய்வார்கள்? அப்படியொரு மெஷினை முதலில் யோசித்தவன் நான் என்று நாலு வருடமாகச் சொல்லித் திரிகிறேனே. ஜப்பான்காரன் ஒருவன் வந்து படம் பிடித்துக்கொண்டு போனதாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். யோசித்தது நீங்கள். அந்த வாசத்தில், வீடு வீடாகக் கர்ப்பிணிகளைப் பார்க்கப் போகும் கிளினிக் பையோடு நீங்களே படியேறி வருவதுபோல இருந்தது. இப்போதெல்லாம் பொய் சொல்லவும் களைப்பாக இருக்கிறது, மிஸ்.

நாலு வருடத்துக்கு முந்தி, முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, நீங்கள் கொடுத்த மெஷினை என் அக்காவின் மகள் சுகந்தி துவாயில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“மாமா, இது கத்துது. விரல்ல குத்தினா மூண்டு தரம் கத்துது. உடன மாமியார் குசினிக்குள்ள இருந்து ‘இண்டைக்கு எவ்வளவாம்?’ எண்டு கேக்கிறா. பக்கத்து வளவுக்கும் கேக்குது. சீனி கூடினா வாற சிவப்பு லைட்டக் கண்டா எனக்கு நெஞ்சு படபடக்குது.”

“இதெல்லாம் ஒரு வேலையா புள்ள? கொழும்புப் பெரியாஸ்பத்திரி மெஷினையே திருத்தின கை இது” என்றேன். அங்கே நான் திருத்தியது கன்டீன் ரேடியோ.

சத்தத்தை நிறுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். அவள் கேட்காமலே, சிவப்பு லைட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பச்சையை வைத்து ஈயம் பிடித்தேன். “இனி மெஷின் உன்னோட கோவிக்காது” என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன், லைட்டை மாற்றியதைச் சொல்லவில்லை. நம்பர் சரியாகத்தான் காட்டியது. ஆனால் அவள் நம்பரைப் பார்ப்பதில்லை, லைட்டைத்தான் பார்ப்பாள். பச்சையைக் கண்டால் நீங்கள் கொடுத்த கொப்பியில் ஒரு சரி போடுவாள். சீனி இறங்கிவிட்டதென்று அவளுக்குச் சந்தோசம். மூன்று வாரம் கழித்து நீங்கள் வீட்டுக்குப் போய், மெஷினுக்குள் பதிந்து கிடந்த நம்பர்களைப் பார்த்தீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. மாதம் நிறையுமுன்பே வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். எட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான்.

அந்த வாரம் நீங்கள் கடைக்கு வந்து மெஷினை என் முன்னால் வைத்தீர்கள்.

“கழட்டுங்க அண்ணன்.”

கழற்றினேன். நான் வைத்த ஈயம் பளபளவென்று கிடந்தது. மின்னல் அடித்த கதையொன்றைத் தொடங்கினேன். முழுவதையும் கேட்டீர்கள். அதுதான் எனக்குக் கூடுதல் வெட்கம்.

“சத்தத்த நிப்பாட்டினது நல்ல வேல அண்ணன். எங்களுக்கு அது தோணல்ல. ஆனா அந்தப் புள்ள பயமில்லாம இருக்கிறது வேற, தெரியாம இருக்கிறது வேற.” எழும்பும்போது, “சுகந்தியிட்ட நான் சொல்ல மாட்டன். நீங்க சொல்லுங்க” என்றீர்கள்.

நான் சொல்லவில்லை. மலிவுச் சாமான், லைட் பழுதாம் என்று ஊருக்கு முந்திச் சொன்னவனும் நான்தான். நம்பரைப் பார்க்காமல் விட்டது தன் குற்றம் என்று சுகந்தி எடுத்துக்கொண்டாள். வாயைக் கட்டாமல் தின்றாள் என்று அவள் மாமியார் எடுத்துக்கொண்டா.

அதற்குப் பிறகு கிளினிக் நாளில் பெண்களை வட்டமாக இருத்தி, மெஷின் எப்படி இருந்தால் நல்லது என்று கேட்டீர்கள். என்னையும் ஒரு மூலையில் இருத்தினீர்கள். சத்தம் வேண்டாம், கைக்குள் நடுங்கினால் போதும் என்றாள் ஒருத்தி. ஏறாவூரிலிருந்து வந்திருந்த பிள்ளை, “பவுடர் டப்பா மாதிரி இருந்தாக் கலியாண வீட்டிலயும் பாக்கலாம் மிஸ்” என்றது. சிவப்பு இருக்கட்டும், ஆனால் ‘சீனி கூட’ என்று பயமுறுத்தாமல் ‘மிஸ்ஸுக்குப் போன் எடுங்க’ என்று தமிழில் காட்டட்டும் என்றாள் இன்னொருத்தி. “முதல்ல அந்த அண்ணன்ட விரல்ல குத்திக் காட்டுங்க” என்று எல்லோரும் சிரித்தார்கள். குத்தினீர்கள். சிங்கம்போல இருந்தேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். கண்ணை இறுக்கி மூடியது உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் சொன்னதையெல்லாம் பட்டியலாக எழுதிக் கம்பஸில் கொடுத்த வருடமே நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். உங்கள் செத்தவீட்டில் சுகந்தி என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு மறுபடி ஐந்து மாதம். மறுபடி சீனி. கிளினிக்கில் கொடுத்த மெஷினை அவள் தொடவே இல்லையாம். போன கிழமை கேட்டதற்கு, “எனக்கு அது பாக்கத் தெரியா மாமா. ஒருக்காப் பாத்துத்தானே புள்ளையப் பெட்டிக்குள்ள போட்டனான்” என்றாள். இன்று கம்பஸ் பிள்ளைகள், இதைப் பாவித்துப் பார்க்க ஒரு தாய் வேண்டும், கிளினிக்கிலும் சொல்லியாயிற்று என்றார்கள். மெஷினை அவள் வீட்டுக்குக் கொண்டுபோக நான் ஒத்துக்கொண்டேன். மத்தியானம் கடையைப் பூட்டினேன்.

அவள் முற்றத்தில் நெல் கிளறிக்கொண்டு நின்றாள்.

“அந்த லைட்ட மாத்தினது நான், புள்ள. பழுதில்ல. நீ அழக்கூடாதெண்டு நான்தான் பச்சையை வச்சனான்.”

அவள் அழவில்லை. குசினி வாசலில் மாமியார் வந்து நின்றா. சுகந்தி இன்னொரு தரம் நெல்லைக் கிளறினாள்.

“நாலு வருசம், மாமா” என்றாள்.

கையை நீட்டினாள். மெஷினைக் கொடுத்தேன். “நீங்க போங்க” என்றாள்.

வயல் வட்டைக் கரையால் நடந்து வந்து கடையைத் திறக்காமல் இதை எழுதுகிறேன். விரலில் குத்தி நம்பரைப் பார்ப்பாள், அது எனக்குத் தெரியும். என்னோடு பேசுவாளா தெரியாது. அவள் சுமந்த நாலு வருடம் இப்போது என்னிடம் இருக்கிறது, மிஸ். எதையும் கூட்டிச் சொல்லிப் பழகிய எனக்கு, இதில் கூட்டிச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.