மந்தமாகக் கேட்ட கம்பி

இன்று காலை காஞ்சிபுரத்துக்குக் கிட்டார் கம்பி வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் இரண்டு பாக்கெட்டுகளை எடுத்துப் போட்டு, "ரவுண்ட்வவுண்டா, ஃபிளாட்வவுண்டா?" என்று கேட்டார். இருபது வருஷமாகக் கச்சேரிக் குழு நடத்துகிறவன் நான். அந்த இரண்டாவது பெயரே எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது, அதுவும் நீ போன பிறகு. நான் முழிப்பதைப் பார்த்து, தொட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு கம்பியை நீட்டினார். விரல் தடங்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. எதுவும் வாங்காமல் உத்திரமேரூர் பஸ் ஏறிவிட்டேன்.

உனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு ஆறும் போலிருக்கிறது. எலக்ட்ரிக் கிட்டாரின் தடித்த கம்பிகள் மேல் இன்னொரு மெல்லிய கம்பியைச் சுற்றியிருப்பார்கள். அது உருண்டைக் கம்பியானால் மேலெல்லாம் வரிவரியாக இருக்கும். சத்தம் பளிச்சென்று எழும், கூடவே விரல் தோலையும் அராவும். தட்டைக் கம்பியைச் சுற்றியிருந்தால் வழவழவென்று விரலுக்குச் சுகமாக இருக்கும், சத்தம் அடங்கி வரும். புத்தம் புதிதாக மாட்டினாலும் செத்துப்போன பழைய கம்பி மாதிரிதான் கேட்கும். நான் கவிழ்ந்தது அந்த இடத்தில்தான்.

நீ கொத்தனார். பகலெல்லாம் சிமெண்டில் கை வைத்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிட்டார் வாசிக்க மேடைக்கு வருவாய். உன் விரல் நுனிகள் கோடை ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கும். நான் அதைக் கிண்டல் பண்ணியிருக்கிறேனே தவிர, ஒரு நாளாவது கிட்டத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

நம் குழுவில் யார் வாத்தியமானாலும் என் வீட்டில்தானே வைத்திருப்போம். உன் சொந்தக் கிட்டாரும் ஸ்பீக்கர் பெட்டிகளோடு அங்கேதான் கிடந்தது. போன ஆடிக்கு முன்னால், சாலவாக்கம் கோயில்காரர்களிடம் தேதி பேச நான் போயிருந்த மதியம், நீ வந்து கம்பி மாற்றிவிட்டுப் போயிருக்கிறாய். யாரும் என்னிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

காவாந்தண்டலத்தில் கூழ் ஊற்றின அன்றைக்கு முதல் கச்சேரி. உன் கிட்டார் எடுபடவே இல்லை. மறுநாள் எல்லாரும் இருக்கும்போதே, கம்பி செத்துப்போச்சு, மாற்றித் தொலை என்றேன்.

"வுடுடா, கைக்கு நல்லா கீது" என்றாய்.

"கைக்கு நல்லா இருந்து இன்னாடா பண்றது? ஜனம் உன் கையவா கேக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

பழைய கம்பியைக் கொதிக்க வைத்தால் அழுக்கு போய்ச் சத்தம் திரும்பும் என்பது நம் குழுவின் வைத்தியம். அந்த வாரம் உன் கம்பிகளைக் கழற்றி, இட்லிப் பானையில் போட்டுக் கொதிக்க விட்டேன். என் மனைவி திட்டினாள். துடைத்து மாட்டிப் பார்த்தால் அதே மந்தம். கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, புது உருண்டைக் கம்பி மாட்டினேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறவே இல்லை, நிதானமாக உட்கார்ந்துதான் கெடுத்தேன்.

நீ வந்ததும் பெருமையாகக் கிட்டாரை நீட்டினேன். ஒரு தடவை தடவிப் பார்த்தாய். பழசு எங்கே என்று கேட்டாய். குப்பையில் என்றேன். "சரிடா" என்றாய்.

அந்தக் கம்பியில் நான்கு கச்சேரி வாசித்தாய். மூன்றாவதில் விரலில் துணி சுற்றியிருந்தது. செங்கல் விழுந்தது என்றாய், நம்பினேன். நான்காவதில் கம்பியெல்லாம் பிசுபிசுவென்று இருக்கிறதே, கையைக் கழுவிவிட்டு வரக்கூடாதா என்று நான்தான் சத்தம் போட்டேன். புரட்டாசியில், காயம் புரையோடிவிட்டது என்று ஆள்காட்டி விரலை எடுத்தார்கள். அப்புறம் மணிக்கட்டு வரை. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டாய். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். தீபாவளிக்கு நீ இல்லை.

காரியம் முடிந்த அன்றைக்கு உன் மனைவி ஃபிளாட்வவுண்ட் என்று போட்டிருந்த ஒரு காலிக் கம்பி பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இதில் இருந்தது எங்கே என்று கேட்டாள். உனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரையாம். விரலில் புண் வந்தால் ஆறாது, கிட்டாரை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விட மனசில்லாமல் சென்னைக்குப் போய், நாலு கடை ஏறி, ஒவ்வொரு கம்பியாகத் தடவிப் பார்த்து நீ தேர்ந்தெடுத்தது அது. கீழே இருக்கும் இரண்டு மெல்லிய கம்பிக்குச் சுற்றே கிடையாது, அதுவும்தானே அறுத்திருக்கும் என்று நான் எனக்கே வக்கீலாக வாதாடுகிறேன். ஜெயிக்க முடியவில்லை.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவளிடம் கேட்டேன்.

"நானும் அடிச்சிக்கினேன்ணா. எனக்கு சுகர்னு தெரிஞ்சா அவன் வேற ஆள் பாத்துப்பான், ரிதம் பேடு வாசிச்சவருக்கு முட்டி போனப்போ இன்னா பண்ணான்னு கேட்டாரு. கடைசி வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு."

அவள் குறை சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். பேடு வாசித்தவரை நான் ஒரே வாரத்தில் மாற்றியது நிஜம். கச்சேரி நிற்கக்கூடாது என்று அன்றைக்கு எல்லாரிடமும் நியாயம் பேசினேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

உன் நோய் டாக்டருக்குத் தெரியும். நீ ஏறி இறங்கின கடைக்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே திரிந்த எனக்குத் தெரியாது. கம்பியை நறுக்கியதைத் தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். நீ என்னைப் பார்த்துப் பயந்தாய்டா. அதை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.