புண் ஆறும்வரை

செப்டெம்பர் 30, செவ்வாய்

காலையில் வானம் மப்பு. அண்ணையின் காலுக்கு மருந்து கட்டக் கிளினிக். மண்வெட்டி பட்ட காயம், இன்னும் வாய் மூடவில்லை. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அதுவும் இல்லை. இளம் டொக்டர், பொறுமையாக விளங்கப்படுத்தினாள். கவலை கூடினால் உடம்பில் கோர்ட்டிசோல் என்று ஒரு ஹோர்மோன் கூடுமாம். தோலும் அதைத் தானே சுரக்குமாம். கூடிப்போனால் புதுத்தோல் வளர்ந்து காயத்தை மூடப் பிந்துமாம்.

"ஐயாவுக்கு ஒரு யோசனையும் குடுக்காதேங்கோ, அம்மா."

அண்ணை சிரித்தார். "எனக்கென்ன யோசனை? இவள் போடுற உப்புத்தான்."

மருதனார்மடச் சந்தையில் கத்தரிக்காய், பயிற்றங்காய். வாழைப்பழம் மறந்துபோனேன்.

ஒக்டோபர் 1, புதன்

ரூபன் போய்விட்டான். கனடாவில், வேலைக்குப் போகும் வழியில். நெஞ்சுவலி. அவன் மனைவி எனக்குத்தான் போனெடுத்துச் சொன்னாள். அண்ணை குளித்துக்கொண்டிருந்தார். ரூபன் அவருக்கு ஒரே பிள்ளை. தாயில்லாதவனை வளர்த்தது நான். கலியாணம் கட்டாத எனக்கு வேறு பிள்ளை ஏது.

"புண் ஆறுமட்டும் அண்ணைக்குத் தெரியவேண்டாம், பிள்ளை."

"அது சரியோ மாமி?"

தெரியாது. டொக்டர் சொன்னது மட்டும் காதில் நின்றது.

கிணற்றடியில் தண்ணி மோட்டரைப் போட்டுவிட்டு அழுதேன். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. தண்ணித் தாங்கி நிரம்பி வழிந்தது.

ஒக்டோபர் 4, சனி

புரட்டாசிச் சனி. எள்ளெண்ணெய் எரிக்க ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகவில்லை. சாவுத் துடக்கோடு, அந்தத் தீட்டோடு, எப்படிப் படியேறுவது? அண்ணையிடம் பொய் சொல்ல முடிகிறது, கோயிலில் முடியாது. தலையிடி என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார்.

கஞ்சி வடிக்கும்போது கையில் ஊற்றிக்கொண்டேன். கொப்பளம்.

பின்னேரம் சாமியறை விளக்கு எரியவில்லை. அண்ணைதான் நெடுகலும் ஏற்றுவார். துடக்கு வீட்டில் அறியாமல் ஏற்றுகிறாரே என்று இத்தனை நாளும் நெஞ்சு பதறியது. கால்நோவாக்கும். ஒரு கவலை குறைந்தது.

ஒக்டோபர் 5, ஞாயிறு

ரூபன் போனெடுத்துக் கதைக்கும் நாள். "அவனுக்கு இப்ப ஞாயிறும் வேலையாம்" என்றேன்.

"ஓம்."

முன்பென்றால் அவனைத் திட்டித் தீர்த்திருப்பார். சோற்றையும் பாதியில் விட்டு எழும்பிவிட்டார்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

வெயில். கிளினிக். காயம் போன கிழமையைவிட மோசம்.

"ஐயா நித்திரை கொள்ளுறேல்லையோ?"

அண்ணை சுவரைப் பார்த்தார். டொக்டர் என் கையையும் திருப்பிப் பார்த்தாள். "இதுவும் பழுக்கப் பாக்குது. வீட்டிலை ஏதும் பிரச்சினையோ, அம்மா?"

இல்லை என்றேன். யோசனை கொடுக்கக்கூடாது என்றுதானே மறைத்தேன். பிறகு ஏன் ஆறவில்லை?

பஞ்சு, பிளாஸ்டர் முடிந்தது. வாங்க வேண்டும்.

ஒக்டோபர் 11, சனி

தூறல். கடைசிப் புரட்டாசிச் சனி. இன்றும் போகவில்லை. அண்ணைக்குக் கட்டு மாற்ற உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன் அண்ணை இப்ப விளக்கு ஏத்துறேல்லை? கால் நோவோ?"

"காலாலை இல்லை. துடக்கெல்லோ."

அவிழ்த்த துணி கையிலேயே நின்றது.

"ஒரு சனியும் விடாத ஆள் நீ. கோயிலுக்குப் போகேல்லை எண்ட உடனை ஏதோ சாவு எண்டு விளங்கிட்டுது. கேக்கப் பயமாக் கிடந்தது. இரவிலை ஒருக்கா ரூபனை நினைச்சு அழுவன், ஒருக்கா அவன்ரை பிள்ளையை நினைச்சு அழுவன். ஆர் எண்டு மட்டும் சொல்லு."

"ரூபன்."

கொப்பளத்தில் படாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மோட்டர் போடாமல் அழுதோம்.