மூன்றாம் யாமத்தின் வெற்று வரிகள்

மார்ச் 4

அன்புள்ள துணைவிக்கு,

அக்கா வீட்டில் நலமாக இருப்பாய் என நம்புகிறேன். இரவை நான்காகப் பகுத்து, நம் நான்கு வாத்தியங்களுக்காக நீ இயற்றிய ‘யாமங்கள்’ இசைக்குறிப்பு கிடைத்தது. மகன் இறந்த பின் இவ்வீட்டில் எந்த வாத்தியமும் உறையை விட்டு வெளிவரவில்லை. ஆகவே என் மகிழ்ச்சி சற்று மிகையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்.

ஒரு குறைபாடு. மூன்றாம் யாமத்தில் அவனுடைய வயோலாவுக்கான வரிகள் முற்றிலும் வெறுமையாக உள்ளன. படியெடுக்கையில் விடுபட்டதாகக் கருதி, இசைப்பள்ளி ஆசிரியரைக் கொண்டு நிரப்பிவிட்டேன். அவரே வாசிக்கவும் இசைந்துள்ளார். இரண்டாம் வயலினுக்கு வழக்கம்போலப் பல் மருத்துவர், செல்லோவுக்கு நான். முதல் வயலின் நீ. வந்து வாசி. அதன் பின் திரும்பிப் போவதா என்பது உன் முடிவு; போக வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

உன் கணவன்

மார்ச் 9

வக்கீல் சாருக்கு,

எதுவும் விட்டுப்போகலை. நான்தான் காலியா விட்டேன். நாம கண்ணசந்த அப்புறம் நம்ம ஆந்தை தனியா உட்கார்ந்து வாசிப்பானே, அந்த நேரம் அது. மத்த மூணு பேரும் அவனுக்கு இடம் விட்டு வாசிக்கணும், அவ்வளவுதான்.

காலியா ஒரு இடம் இருந்தா உங்களுக்குப் பொறுக்காதே! அவன் போய் ஒரு வாரம்கூட ஆகலை, அவன் அறையை ஒழிச்சு உங்க சட்டப் புத்தகத்தை அடுக்கினீங்க. அதான் நான் அக்கா வீட்ல இருக்கேன். இதுல திரும்பிப் போகாதேன்னு வேற கேக்குறீங்க.

ஆந்தையோட அம்மா

மார்ச் 14

அன்புள்ள துணைவிக்கு,

ஆசிரியர் எழுதியதை நீக்கிவிட்டேன். புத்தகங்களையும் அவன் அறையிலிருந்து அகற்றிவிட்டேன். கூடத்தில் நடக்க வழியில்லை.

நேற்று மருத்துவரும் நானும் மூன்றாம் யாமத்தை வாசித்தோம். வெற்று வரிகள் வந்ததும் அவர் வில்லைத் தாழ்த்தி, “பல்லைப் பிடுங்குன இடத்துக்கே நாக்கு போகும்ல சார், அப்படி இருக்கு” என்றார். சிரிக்க முயன்றேன்.

அவன் நாற்காலியை அவனிடத்திலேயே போட்டிருக்கிறேன். உன்னுடையதையும். வா.

உன் கணவன்

மார்ச் 29

அன்புள்ள துணைவிக்கு,

கடிதம் ஏதுமின்றி நீ அனுப்பிய புதிய படி வந்து சேர்ந்தது. மூன்றாம் யாமத்தில் வயோலாவின் வரிகளோடு முதல் வயலினின் வரிகளும் இப்போது வெறுமையாக உள்ளன. விடுபட்டதா என இம்முறை நான் எவரையும் கேட்கவில்லை.

மாலையில் மருத்துவரும் நானும் இரண்டு காலி நாற்காலிகளுக்கு இடையே அமர்ந்து வாசித்தோம். செல்லோவுக்கு நீ எழுதியிருப்பது பக்கம் முழுவதும் ஒரே சுரம். பிழையின்றி வாசித்தேன்.

எதையும் நிரப்பவில்லை.

ஆந்தையின் அப்பா